நத்தாரும் கடைத்தெருவும்

1951ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 23ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், பிரான்சு தேசத்து டிஜோன் நகரில் விந்தையானதொரு தண்டனை நிறைவேற்றப்பட்டது. நகரத்துப் பேராலயத்தின் இரும்பு வேலியிலே ஓர் உருவம் தூக்கிலிடப்பட்டது; பின்னர் ஆலய முன்றிலில் எல்லோருங் காண அது தீக்கிரையாக்கப்பட்டது. மறைக்கல்வி பயிலும் சிறுவர் சிறுமியர் இருநூற்றைம்பது பேர் வரையில் சூழ நின்று அக்காட்சியைக் கண்டனர். எரியுண்டவர் கொலைஞரும் அல்லர், கொள்ளைக்காரரும் அல்லர். வெண்தாடியும் செவ்வங்கியும் தரித்த நத்தார் தாத்தாவே அவர். கிறிஸ்து பிறந்த திருநாளை அபகரித்தார், அதனைப் புறச்சமயக் களியாட்டமாக மாற்றினார் என்பன அவர்மேற் சாட்டப்பட்ட குற்றங்கள். குருமாரின் இசைவுடனேயே இத்தண்டனை நிகழ்ந்தது.

மறுநாள் மாலை 6 மணிக்கு, அதே நகரத்தின் நகரசபைக் கட்டடக் கூரையின்மேல், விளக்கொளியின் நடுவே நத்தார் தாத்தா மீண்டும் தோன்றினார். அந்நாளில் அந்நகரத்தின் முதல்வராக இருந்த பெலிக்ஸ் கீர் என்பாரும் ஒரு கத்தோலிக்கக் குருவானவரே என்பதை அறிந்தால் நேயர்கள் புன்முறுவல் செய்வர். ஆலயம் எரித்தவரை நகரசபை எழுப்பிவிட்டது. மானிடவியல் அறிஞராகிய குளோட் லெவி-ஸ்திராஸ் அடுத்த ஆண்டிலே இந்நிகழ்ச்சியைப் பற்றி ஆராய்ந்து ஒரு கட்டுரை வரைந்தார். போரின் பின்னர் பிரான்சில் நத்தார்க் கொண்டாட்டம் அமெரிக்கப் பாங்கில் வளர்ந்து வந்தமையையும், நாற்சந்திகளிற் பெருமரங்களும் கடைகளிற் செவ்வங்கித் தாத்தாமாரும் பெருகியமையையும் அவர் அதிலே எடுத்துக் காட்டினார்.

இதிலே பெரியதொரு முரண் உண்டு. டிஜோன் குருமார் எரித்த அந்த உருவத்தின் மூலபுருடர் ஒரு மேற்றிராணியார். இன்றைய துருக்கி நாட்டின் தென்கரையில் உள்ள மீரா என்னும் ஊரிலே நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்தவராகக் கருதப்படும் புனித நிக்கலஸ் என்பவரே அவர். 1087ஆம் ஆண்டில் இவருடைய எலும்புகளை இத்தாலிய மாலுமிகள் பாரி நகருக்கு எடுத்துச் சென்றனர். அங்கே இன்றும் யாத்திரிகர் கூடுகின்றனர். டிசெம்பர் 6ஆந் திகதி இவருடைய திருநாள்.

இவரைப் பற்றி வழங்கும் கதைகளுள் ஒன்று ஈண்டுச் சொல்லத்தக்கது. வறுமையால் நொந்த ஒருவனுக்குப் பெண்மக்கள் மூவர் இருந்தனர். சீதனம் கொடுக்க வகையில்லை. பெண்களை விற்கவும் அவன் துணிந்த வேளையிலே, நிக்கலஸ் இராக்காலத்தில் அவ்வீட்டுச் சாளரத்தின் வழியாகப் பொன் முடிப்பை உள்ளே எறிந்துவிட்டு மறைந்தார். மூத்தவள் மணம் முடித்தாள். அவ்வாறே இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் எறிந்தார். சீதனத்தின் சுமையை அறிந்த நம் நாட்டவர்க்கு இக்கதையின் பொருள் விரித்துரைக்க வேண்டுவதன்று. கொடுத்தவர் முகம் காட்டவில்லை. பெற்றவர் அவருடைய பிள்ளையும் அல்லர், உறவினரும் அல்லர், இல்லாதவர். இவ்விரண்டையும் மனத்திற் கொண்டு, பிற்காலத்தில் இக்கொடையின் வழி எவ்வாறு திரும்பியது என்பதைப் பார்த்தல் வேண்டும்.

இலங்கைத் தமிழர் வழங்கும் ‘நத்தார்’ என்னும் சொல் போர்த்துக்கீசரிடமிருந்து வந்தது. அவர்கள் மொழியில் ‘நத்தால்’ என்றால் பிறப்பு. பரிசு, மரம், விருந்து ஆகிய ஒன்றும் அச்சொல்லில் இல்லை. உரோமாபுரியிலே டிசெம்பர் 25ஆந் திகதி கிறிஸ்து பிறப்பு விழாவாகக் குறிக்கப்பட்டமைக்கு 336ஆம் ஆண்டைச் சேர்ந்த சான்று உளது. பல நூற்றாண்டுகள் வரையில் அது பெரும்பாலும் ஆலயத்துத் திருநாளாகவே இருந்தது. 1223ஆம் ஆண்டில் அசிசி நகரப் பிரான்சிஸ் முனிவர் கிரேச்சியோ என்னும் மலையூரில் ஒரு குகையிலே தீவனத் தொட்டி ஒன்றை வைத்து, வைக்கோல் பரப்பி, எருதையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்திப் பூசை செய்வித்தார். இன்று வீடுதோறும் அமைக்கும் பாலன் குடிலின் பரவலுக்கு அவ்விரவு பெரிதும் காரணமாயிற்று. மாட்டுத் தொழுவத்து ஏழ்மையை மக்கள் கண்ணாற் காணவேண்டும் என்பதே அவருடைய எண்ணம். விலைக்கு வாங்கிய பொருள் அக்குகையில் யாதும் இருந்ததாகத் தெரியவில்லை.

எனினும், முற்காலத்து நத்தார் எங்கும் இவ்வாறு அமைதியாகவும் பக்தியாகவும் நிகழ்ந்தது என்று எண்ணிவிடலாகாது. பழைய காலத்தை நினைத்துப் பெருமூச்செறிவோர் இவ்விடத்திற் சிறிது நிதானித்தல் நன்று. இங்கிலாந்தின் கிராமங்களில் அறுவடை முடிந்து, இறைச்சியும் மதுவும் நிறைந்திருக்கும் குளிர்காலத்திலே இப்பண்டிகை வந்தது. பன்னிரண்டு நாட்கள் வேலை இல்லை. குடியானவர்கள் கூட்டமாகச் சென்று நிலப்பிரபுவின் கதவைத் தட்டிப் பாடுவர். உணவும் மதுவும் கேட்பர். கேட்பது இரப்பு அன்று, உரிமை. கொடாத வீட்டாரை வசைபாடுதலும் உண்டு. குடிவெறியும் சூதாட்டமும் கைகலப்பும் அந்நாட்களில் மிகுந்திருந்தன.

இதனாலும், வேதாகமத்தில் இத்திருநாளுக்கு ஆதாரம் இல்லை என்பதனாலும், தூய்மைவாதிகள் எனப்பட்ட சீர்திருத்தச் சபையார் நத்தாரை வெறுத்தனர். 1647ஆம் ஆண்டில் இங்கிலாந்துப் பாராளுமன்றம் அதனை ஒழித்துச் சட்டம் இயற்றியது. கடல் கடந்து மசச்சூசெற்ஸ் குடியேற்றத்தில் வாழ்ந்த அவர்தம் இனத்தார், 1659இல் நத்தார் கொண்டாடுவோர்க்கு ஐந்து சிலிங் தண்டம் விதித்தனர். 1681 வரையில் அச்சட்டம் நின்றது. சட்டம் நீங்கிய பின்னும் அந்நாட்டிலே நத்தார் நெடுங்காலம் வேலைநாளாகவே கழிந்தது. மசச்சூசெற்ஸ் மாநிலம் அதனைப் பொது விடுமுறையாக்கியது 1856இலே தான். ஸ்கொத்லாந்து 1958 வரையில் அதனைச் செய்யவில்லை.

இனிக் காட்சி நியூயோர்க் நகருக்கு மாறுகின்றது. இலங்கையின் கரைகளைப் போலவே அந்நகரமும் ஒருகாலத்தில் ஒல்லாந்தர் வசம் இருந்தது. ஒல்லாந்தர் புனித நிக்கலஸைச் ‘சிந்தர்கிளாஸ்’ என்று அழைத்து, டிசெம்பர் 5ஆந் திகதி மாலையிற் குழந்தைகளுக்குப் பரிசு வழங்குவர். ‘சான்டா குளோஸ்’ என்னும் பெயர் அதன் திரிபே. 1809ஆம் ஆண்டு டிசெம்பர் 6ஆந் திகதி வெளிவந்த நியூயோர்க் வரலாறு என்னும் நகைச்சுவை நூலிலே வாஷிங்டன் இர்விங் என்னும் எழுத்தாளர் இப்பெரியாரைக் குறும்போடு நினைவூட்டினார். மறு ஆண்டில் அந்நகரத்து வரலாற்றுக் கழகத்தினர்க்காக வெளியிடப்பட்ட படம் ஒன்றில் நிக்கலஸ் இன்னும் மேற்றிராணியாராகவே நிற்கின்றார்; ஆயினும் அவருக்கு அருகே கணப்படுப்பில் காலுறைகள் தொங்குகின்றன, பரிசு பெற்ற நற்பிள்ளையும் அழும் பிள்ளையும் காணப்படுகின்றனர்.

பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1823ஆம் ஆண்டு டிசெம்பர் 23ஆந் திகதி திரோய் நகரத்துப் பத்திரிகை ஒன்றிலே பெயரில்லாமல் ஒரு பாட்டு வெளிவந்தது. பின்னர் அதனைத் தமது என்று உரிமை கூறியவர் கிளெமன்ற் மூர். குருத்துவக் கல்லூரிப் பேராசிரியர், மேற்றிராணியார் ஒருவரின் மகன், பெரும் நிலவுடைமையாளர். அப்பாட்டிலே நிக்கலஸ் அங்கியையும் கோலையும் இழந்தார். எட்டுக் கலைமான்கள் இழுக்கும் சறுக்கு வண்டியில் வந்து, புகைபோக்கி வழியே இறங்கி, சுங்கான் பிடிக்கும் சிறியதொரு தொந்தி மனிதர் ஆனார். அந்நாளில் நியூயோர்க் விரைந்து பெருகிக்கொண்டிருந்தது. வேலையற்ற இளைஞர் நத்தார் இரவுகளில் தெருக்களில் ஆரவாரஞ் செய்ய, வசதியுள்ள குடும்பத்தார் கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளே இருந்தனர். கதவைத் தட்டிக் கேட்பவன் அச்சத்துக்குரியவனாயினான். மூரின் விருந்தாளியோ கதவுக்கே வருவதில்லை, எதையும் கேட்பதில்லை, அவ்வீட்டுப் பிள்ளைகளுக்கே கொடுத்துவிட்டுப் போய்விடுகின்றார். மேலிருந்து கீழே, வெளியாருக்குச் சென்ற கொடை, அன்றுமுதல் வீட்டின் உள்ளே திரும்பத் தொடங்கியது.

இத்திருப்பத்தைச் சிலர் அக்காலத்திலேயே உணர்ந்திருந்தனர் என்பதற்கு இலண்டன் நகரில் 1843ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் நிகழ்ந்த இரண்டு செயல்கள் சான்றாகும். முதலாவது, நத்தார் வாழ்த்து அட்டை பிறந்தமை. ஹென்றி கோல் என்பவர் அரசாங்க உத்தியோகத்தர். 1840இல் தொடங்கிய ஒரு பென்னித் தபால் முறைக்காக உழைத்தவர். மலிந்த தபாலின் பயனாக அவருக்கு வந்து குவிந்த கடிதங்களுக்கெல்லாம் கைப்பட மறுமொழி எழுத நேரமில்லை. ஆதலால் ஜோன் ஹோர்ஸ்லி என்னும் ஓவியரைக் கொண்டு ஒரு படம் வரைவித்து அச்சிட்டார். தமக்கு வேண்டியவை போக எஞ்சியவற்றை ஒரு சிலிங் விலைக்கு விற்பித்தார். அச்சிடப்பட்டவை ஏறத்தாழ 1,000 பிரதிகள்.

அப்படம் மூன்று பகுதிகளாக அமைந்தது. நடுவிலே மூன்று தலைமுறையினர் அடங்கிய குடும்பம் ஒன்று மதுக் கிண்ணத்தை உயர்த்தி வாழ்த்துகின்றது. சிறு குழந்தைக்கும் மது பருக்கப்படுவதைக் கண்டு மதுவிலக்காளர் சினந்தனர். பிறர் கண்ட பகுதி அதுவே. ஆனால் இரு மருங்கிலும் உள்ள சிறு படங்களை நோக்குதல் வேண்டும். ஒன்றிலே பசித்தோர்க்கு உணவு அளிக்கப்படுகின்றது. மற்றதிலே உடையற்றோர்க்கு ஆடை அளிக்கப்படுகின்றது. பின்னாளில் வாழ்த்து அட்டை பெருந் தொழிலாக வளர்ந்தது. வர்ண அச்சு மலிந்தது. 1870இல் அரைப் பென்னி அஞ்சலட்டை வந்தது. அமெரிக்காவிலே பொஸ்ரன் நகரத்து லூயி பிராங் சிறந்த அட்டைகளை வெளியிடலானார். பனி மூடிய ஆலயமும், பச்சைக் கிளைகளும், செம்மார்புக் குருவியும் அட்டைகளை நிறைத்தன. சிவப்புச் சீருடை அணிந்த தபாற் சேவகரை மக்கள் அக்குருவியின் பெயரால் அழைத்தமையே அது அட்டையில் வந்து அமர்ந்தமைக்குக் காரணம் என்பர். கொண்டுவரும் சேவகனும் ஒருவகையில் அட்டைக்குள் இடம்பெற்றான். இரு மருங்கிலும் நின்ற ஏழைகள் மறைந்தனர்.

இரண்டாவது செயல், சார்ள்ஸ் டிக்கன்ஸ் எழுதிய நத்தார்க் கதை அம்மாதம் 19ஆந் திகதி வெளிவந்தமை. சுரங்கங்களிலும் ஆலைகளிலும் சிறுவர் படும் பாட்டைப் பற்றிய அரசாங்க அறிக்கையைப் படித்து நெஞ்சம் நொந்திருந்த காலத்தில், ஆறு வாரங்கள் அளவில் அவர் இதனை எழுதி முடித்தார். கஞ்சனாகிய ஸ்குரூஜ் மனம் மாறுவதைக் கூறும் இக்கதையில் ஏழைகளுக்கு நடு இடம் உண்டு. 6,000 பிரதிகள் நத்தாருக்கு முன்பே விற்றுத் தீர்ந்தன. ஆயினும் ஒரு கணக்கை எண்ணிப் பார்த்தல் தகும். கதையில் வரும் எழுதுவினைஞன் பொப் கிராச்சிற்றின் வாரச் சம்பளம் பதினைந்து சிலிங். சிவப்புத் துணி அட்டையும், பொன் விளிம்பும், வர்ணப் படங்களும் கொண்ட அந்நூலின் விலை ஐந்து சிலிங். தன்னைப் பற்றிய கதையை வாங்கிப் படிக்க விரும்பினால், பொப் கிராச்சிற் தன் வாரக் கூலியில் மூன்றிலொரு பங்கைக் கொடுத்தாதல் வேண்டும். டிக்கன்ஸ் இதனை வஞ்சனையாற் செய்தாரல்லர். அழகிய நூலை இயன்ற அளவு மலிவாகத் தர முயன்று, எதிர்பார்த்த வருவாயையும் இழந்தார். ஏழையைப் பற்றிய இரக்கமும் அழகிய பரிசுப் பொருளாகக் கடையிலே விற்கப்படலாம் என்பதை மட்டும் வணிகர் அப்பொழுது கண்டுகொண்டனர்.

மரத்தின் கதையும் இதனோடு ஒட்டியதே. ஸ்திராஸ்பூர்க் நகரிலே 1605ஆம் ஆண்டில் வீட்டினுள் நிறுத்திய மரங்களிற் கடதாசி ரோசாக்களையும் அப்பிள் பழங்களையும் மெல்லிய அப்பங்களையும் இனிப்புக்களையும் தொங்கவிட்டனர் என்று ஒரு குறிப்பு உண்டு. ஆதாம் ஏவாள் உண்ட கனியின் நினைவே அப்பிள் பழம். விழா முடிந்ததும் குழந்தைகள் மரத்தை உலுப்பி அவற்றைத் தின்று தீர்ப்பர். ஜேர்மனிய வழக்கமாகிய இது 1848ஆம் ஆண்டில் இலண்டன் படப் பத்திரிகை ஒன்றினால் ஆங்கில உலகெங்கும் பரவியது. விக்டோரியா மகாராணியும் அல்பேட் கோமகனும் பிள்ளைகளும் மரத்தைச் சூழ நிற்கும் படத்தை அது வெளியிட்டது. 1850இல் அமெரிக்க மாதர் சஞ்சிகை ஒன்று அதே படத்தை மறுபடி அச்சிட்டது. ஆனால் இராணியின் முடியையும் கோமகனின் மீசையையும் நீக்கிவிட்டது! அரச குடும்பம் ஒரு நொடியில் அமெரிக்க நடுத்தரக் குடும்பம் ஆயிற்று. விற்கப்பட வேண்டிய படம், பார்ப்பவர் தம்மை அதனுள் காணத்தக்கதாக இருத்தல் வேண்டும் என்னும் விளம்பர விதியை அச்சஞ்சிகையார் நன்கறிந்திருந்தனர்.

பின்னர் அப்பிளுக்குப் பதிலாகக் கண்ணாடிக் குண்டுகள் வந்தன. ஜேர்மனியின் துரிங்கியா மலைப்பகுதியில் லவுசா என்னும் ஊரிலே குடும்பம் குடும்பமாகக் கண்ணாடி ஊதி அவற்றைச் செய்தனர். பிள்ளைகளும் வேலையில் ஈடுபட்டனர். வூல்வேர்த் என்னும் அமெரிக்க வணிகர் 1880இல் இருபத்தைந்து டொலருக்கு மேற்படாத சரக்கை அரைமனத்தோடு வாங்கிக் கடையிலே வைத்தார். இரண்டே நாளில் விற்றுப்போயின என்று அவரே பின்னாளிற் கூறினார். தொடர்ந்து அவரே லவுசாவின் பெரு வாடிக்கையாளருள் ஒருவரானார். 1882இல் எடிசனின் கூட்டாளியாகிய எட்வேட் ஜோன்சன் தம் நியூயோர்க் இல்லத்து மரத்தில் எண்பது மின்குமிழ்களை ஏற்றினார். மரம் முன்னரிலும் அழகு பெற்றது, ஐயமில்லை. ஆயினும் கண்ணாடிப் பழத்தைத் தின்ன முடியாது; பெட்டியில் வைத்துப் பேணி, அடுத்த ஆண்டு இன்னும் சிலவற்றை வாங்கிச் சேர்க்கத்தான் முடியும்.

நிற்க. தாத்தாவின் இன்றைய உருவத்தை யார் வரைந்தனர் என்பது பற்றி ஒரு தவறான கருத்து பரவியுள்ளது. சிவப்பு உடை ஒரு குளிர்பானக் கம்பெனியின் கண்டுபிடிப்பு என்று பலர் சொல்லுவர். அஃது உண்மையன்று. ஜேர்மனியிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய தோமஸ் நாஸ்ட் என்னும் கேலிச்சித்திரக்காரரே பெரும் பங்கு ஆற்றியவர். 1863ஆம் ஆண்டு ஜனவரி 3ஆந் திகதியிட்ட ‘ஹாப்பர்ஸ் வீக்லி’ இதழில் அவருடைய சான்டா முதன்முறையாகத் தோன்றினார். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. நட்சத்திரமும் கோடுகளும் பொறித்த கொடி உடை தரித்து, வடபகுதிப் படைவீரர்க்குப் பரிசு வழங்குகின்றார் சான்டா. அவர் கையில் உள்ள விளையாட்டுப் பொம்மையின் கழுத்திலே கயிறு. பொம்மையின் முகமோ தென்பகுதித் தலைவர் ஜெபர்சன் டேவிசின் முகம். வறிய பெண்களுக்குச் சீதனம் கொடுத்த நிக்கலஸ் இப்பொழுது போர்ப் பிரசாரகர்! அமைதி வந்த பின்னர் நாஸ்ட் அவரை வீட்டுக்கு அனுப்பினார். 1881இல் வரைந்த படத்தில், கைநிறைய விளையாட்டுச் சாமான்களுடன், இன்றுள்ள தடித்த தாத்தாவை அடையாளம் காணலாம்.

கொக்கா கோலாக் கம்பெனியார் செய்தது வேறு. குளிர்பானம் கோடைக்கே உரியது என்னும் எண்ணத்தை மாற்றிக் குளிர்காலத்திலும் விற்பனையைப் பெருக்க விரும்பிய அவர்கள், ஹடன் சன்ட்புளோம் என்னும் ஓவியரை அமர்த்தினர். 1931 முதல் 1964 வரையில் அவர் ஆண்டுதோறும் வரைந்த தாத்தா, கனிந்த முகமும் ஒளிவீசும் கண்களும் கொண்ட அண்டைவீட்டுப் பெரியவர் போன்றவர். தொடக்கத்தில் அதற்கு மாதிரியாக அமர்ந்தவர் ஓய்வுபெற்ற விற்பனையாளர் ஒருவர் என்பது தற்செயலே எனினும் பொருத்தமாகத்தான் உள்ளது. இவ்வுருவம் இடையறாது பல கோடிப் பிரதிகளிற் பரவியதால், வேறு நிறமும் வேறு உடலும் கொண்டிருந்த நாட்டுக்கு நாடு வேறுபட்ட தாத்தாமார் பலர் மறைந்தொழிந்தனர். ஒல்லாந்திலோ அவர் இன்றும் மேற்றிராணியார் முடியுடனும் கோலுடனும் வருகின்றார்.

கடைகள் காலத்தையும் மாற்றின. நியூயோர்க்கின் மேசி அங்காடி 1867இல் நத்தாருக்கு முந்திய இரவு நள்ளிரவு வரையில் திறந்திருந்தது. 1924இல் அதே அங்காடி நன்றிகூறல் நாளிலே பெரும் ஊர்வலம் ஒன்றை நடத்தி, அதன் ஈற்றில் சான்டாவை ஏற்றிக் கொணர்ந்தது. அதன் பின்னர் நத்தார்க் காலம் அவ்வூர்வலத்துடன் தொடங்கும் என்பது மரபாயிற்று. ஆலயங்கள் நத்தாருக்கு முன் நான்கு வாரங்களைத் தவக்காலமாக வகுத்திருந்தன. வாணிகம் அதே வாரங்களைக் கொள்வனவுக் காலமாக வகுத்தது. 1939இல் வணிகர் வேண்டியபடி, சனாதிபதி ரூஸ்வெல்ற் நன்றிகூறல் நாளையே ஒரு வாரம் முன்தள்ளினார்; கடைகளுக்கு மேலும் ஏழு நாட்கள் கிடைத்தன. மாநிலங்களிற் சில ஒரு நாளையும் சில மறு நாளையும் கொண்டாட, 1941இல் நவம்பர் மாதத்து நான்காம் வியாழன் எனச் சட்டம் இயற்றிப் பூசலைத் தீர்த்தனர்.

அதே 1939இல், சிக்காகோவின் மொன்ட்கொமறி வார்ட் என்னும் வணிக நிலையம், பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுப்பதற்கு ஒரு கதைப் புத்தகம் எழுதும்படி தன் விளம்பர எழுத்தாளர் ரொபேட் மே என்பாரைப் பணித்தது. சிவந்து ஒளிரும் மூக்கையுடைய ருடோல்ப் என்னும் கலைமான் அவ்வாறு பிறந்தது. முதலாண்டில் 24 இலட்சம் பிரதிகள் வழங்கப்பட்டன. பிறராற் கேலி செய்யப்பட்ட ஒரு குட்டியின் கதையை அவர் எழுதிய அந்நாட்களிலே மனைவி புற்றுநோயால் இறந்துபட்டார். நான்கு வயது மகளுக்கு அவர் அதனைப் படித்துக் காட்டி எழுதினார். 1947இல் நிலையத்தார் நூலின் உரிமையை அவருக்கே அளித்தனர். விளம்பரத்தினூடேயும் மெய்யான துயரும் பரிவும் கலந்திருத்தல் கூடும் என்பதை இதனால் அறியலாம். வாணிகத்தார் தொட்டவையெல்லாம் பொய் என்று ஒதுக்குதல் நேர்மையாகாது.

ஆனால், இத்துணை மகிழ்ச்சியையும் மேசைக்கு அப்பால் நின்று விற்றவர் எவர்? கடைப்பெண்கள். பதினைந்து பதினாறு வயதினர் பலர். டிசெம்பர் மாதம் பிறந்தால் அவர்கள் இரவு நெடுநேரம் வரையில் நின்றபடியே வேலை செய்தல் வேண்டும்; மிகைநேரக் கூலி பல இடங்களில் இல்லை. பண்டிகை நாளிலே களைத்து உறங்குவதே அவர்கள் கொண்டாட்டம். புளோரன்ஸ் கெலி என்னும் அம்மையார் 1899 முதல் செயலாளராக இருந்து நடத்திய நுகர்வோர் சங்கம், ‘நத்தார்ப் பொருள்களை முற்கூட்டியே வாங்குங்கள்’ என்று மக்களை வேண்டியது. இன்று கடைக்காரர் தம் இலாபத்துக்காகக் கூறும் அதே வாசகம், முதலில் கடைப்பெண்களின் கால் வலிக்காகக் கூறப்பட்டது என்பது பலர் அறியாத செய்தி.

அப்பெண்களுக்கு மற்றுமொரு தொல்லை இருந்தது. தம்மை மேற்பார்க்கும் அதிகாரிகளுக்கு நத்தார்ப் பரிசு கொடுப்பதற்கென அவர்களிடமிருந்து காசு சேர்க்கப்பட்டது. கொடாதவளுக்கு மேலாளின் தயவு இல்லை. ஏழைக்குப் பொன் எறிந்த நிக்கலஸின் கொடை முற்றாகத் தலைகீழாகி, ஏழையிடமிருந்து மேலாளை நோக்கிப் பாய்ந்தது. 1912இல் நியூயோர்க் நகரத்து உழைக்கும் பெண்கள், முன்னாள் நடிகையாகிய எலினர் பெல்மொன்ற், பெரும் வங்கியாளர் மோர்கனின் மகளாகிய ஆன் மோர்கன் ஆகியோர் துணையுடன், பயனற்ற பரிசளிப்பைத் தடுக்கும் சங்கம் ஒன்றை நிறுவினர். முன்னாட் சனாதிபதி தியடோர் ரூஸ்வெல்றும் அதிற் சேர்ந்தார். பரிசே கூடாது என்று அவர்கள் கூறவில்லை. அச்சத்தாலும் வழக்கத்தாலும் கொடுப்பது கொடையாகாது என்றே கூறினர். உலகப்போர் வந்தபின் அச்சங்கம் மங்கிப் போயிற்று.

நுழைவாயிலில் வேறொரு மரபும் தோன்றியிருந்தது. 1891இல் சான் பிரான்சிஸ்கோ நகரிலே இரட்சணிய சேனையைச் சேர்ந்த யோசேப் மெக்பீ என்னும் அதிகாரி, வறியோர்க்கு நத்தார் உணவு வழங்கப் பணமில்லாமையால், பெரிய பானை ஒன்றை மக்கள் நடமாட்டம் மிகுந்த துறைமுக இறங்குதுறையருகே தூக்கி வைத்தார். போவோர் வருவோர் அதனுள் காசிட்டனர். அப்பானை விரைவில் அமெரிக்க நகரங்கள் எங்கும், கடைகளின் வாயில்களில், கைமணி ஒலியோடு தொங்கலாயிற்று. கதவடியில் நின்று கேட்கும் பழைய உரிமை, வேறு வடிவில், கடையின் கதவடிக்குத் திரும்பி வந்தது எனலாம்.

இப்படிமங்கள் கிறிஸ்தவர் மிகச் சிலரே வாழும் நாடுகளுக்கும் கப்பலேறின. யப்பானிலே அமெரிக்கப் பொரித்த கோழிக் கம்பெனி ஒன்று 1974இல் நாடளாவிய விளம்பரம் செய்தது. இன்று பல இலட்சம் யப்பானியக் குடும்பங்களுக்கு நத்தார் இரவு என்றால் முற்கூட்டியே பதிவு செய்த பொரித்த கோழி.

இலங்கையிலும் டிசெம்பர் பிறக்குமுன்பே கடைகளில் கழிவு விலை அறிவிப்புக்கள் தொங்குகின்றன. பனி என்றால் இன்னதென்று அறியாத பிள்ளைகள் பிளாத்திக்கு மரத்தின்மேற் பஞ்சைப் பிய்த்து ஒட்டுகின்றனர். சவுக்கு மரக்கிளையை வெட்டி நாட்டிய வீடுகளும் குறைந்து வருகின்றன. ஆயினும் பாலன் குடிலை அமைக்க வைக்கோலையும் பனையோலையையும் தேடிச் செல்லும் பிள்ளைகள் இன்னும் உளர். அவை பெரும்பாலும் அயலவர் வளவுகளிலே கேட்டுப் பெறப்படுவன. பாடசாலைகளில் நிகழும் ஒளிவிழாவிலே சைவப் பிள்ளைகளும் இடையர் வேடம் புனைந்து நிற்றல் இந்நாட்டில் வழக்கம். வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் பாடற் குழுவினர் இராக்காலத்தில் வீடு வீடாகச் செல்லும்போது, கதவு திறக்கின்றது. உள்ளே இருப்பவர் வெளியே வருகின்றனர். மூரின் பாட்டு மூடிய கதவு அது.

ஹென்றி கோல் அச்சிட்ட ஆயிரம் அட்டைகளில் இன்று எஞ்சியவை மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று, அவர் தம் பாட்டியாருக்கு அனுப்பியது, 2001ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே ஏலத்துக்கு வந்தது. ஒரு சிலிங்குக்கு விற்ற அட்டையை 20,000 பவுணுக்கு மேற்பட்ட விலைக்கு வாங்கினர். நடுவிலே குடும்பத்தார் கிண்ணத்தை உயர்த்தியவாறே உள்ளனர்; இரு ஓரங்களிலும், விரற்கடை அளவான இடத்தில், ஒருபுறம் உணவுக்கும் மறுபுறம் ஆடைக்கும் கைநீட்டியவர்கள் அவ்வாறே நிற்கின்றனர்.